உழவர்கரை மாடியில் ஒரு சோலார் பேனல்

"இன்னா சார் அது, கேரம் போர்டா?"

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். என் மடியில் இருந்தது மடக்கிய சோலார் பேனல். நாலு பலகை, ஒரு துணி உறை, மேலே கைப்பிடி. கேரம் போர்டு மாதிரிதான் இருந்தது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

"வெயிலில் வைத்தால் கரண்ட் வரும்" என்றேன்.

அவர் குனிந்து ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். "அப்ப பஸ்ஸு மேல கட்டுங்க சார். ரெண்டு ஃபேனாவது சுத்தட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் புழுக்கத்தில் அதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

எனக்கு ஊர் மலேசியாவில் ஈப்போ. பஸ் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தே தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமையானால் கூட்டாளிகளோடு ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தூண்டில் போடுவேன். அங்கே விளக்குக்கும் காற்றாடிக்கும் ஒரு பவர் பெட்டி வைத்திருக்கிறோம். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க்கின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு பிளக்கையே அதில் சொருகலாம். பேனலை வெயிலில் விரித்துப் பெட்டியோடு இணைத்துவிட்டால் தானாக நிரம்பும்.

அந்தப் பெட்டியையும் பேனலையும் என் தங்கைக்குக் கொடுப்பதற்காக விமான நிலையம் வரை சுமந்து போனேன். "பலகை போகலாம், பேட்டரி போகக் கூடாது" என்று கவுண்டரில் இருந்த பெண் மலாயில் சொன்னாள். அவ்வளவு பெரிய பேட்டரியை விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். காலமெல்லாம் பேட்டரி மாட்டியே சம்பளம் வாங்கிய எனக்கு இது தெரியவில்லை. பெட்டியை மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பலகையோடு மட்டும் ஏறினேன்.

தங்கை மலர்க்கொடி புதுச்சேரிக்கு வாழ்க்கைப்பட்டவள். எங்கள் அத்தை மகன் தணிகாசலத்துக்குத்தான் அப்பா அவளைக் கொடுத்தார். மாப்பிள்ளை பஞ்சாலையில் வேலை பார்த்தவர். ஆலையை மூடிய பிறகு அதையும் இதையும் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் உழவர்கரையில் தன் வீட்டு மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி அலங்கார மீன் வளர்க்க ஆரம்பித்தார். தொட்டி நிறைய தங்கமீன். அவற்றுக்கு மூச்சு முட்டாமல் இருக்க, தண்ணீருக்குள் காற்றடிக்கும் சின்ன மோட்டார்கள் இரவு பகலாக ஓட வேண்டும்.

போன வருடப் புயலில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. மீன் அத்தனையும் செத்து மிதந்தன. அதற்குப் பிறகு மனிதர் எப்படி ஆகிவிட்டார் என்பதைத்தான் மலர் போனில் சொன்னாள். "ண்ணா, கரண்ட் போனா போதும், பின் ரூமுக்குப் போய் செவுத்த பாத்துக்கினு ஒக்காந்துடறாரு. வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேச மாட்டாரு. இன்னொரு தடவ மீனு செத்துச்சுனா தொட்டிய எல்லாம் இடிச்சுத் தள்ளிடுவேன்றாரு."

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் கிளம்பினேன்.

காலாப்பட்டில் ஒரு கூட்டம் மளமளவென்று இறங்கியது. ஊர் வந்துவிட்டது என்று நானும் இறங்கிவிட்டேன். அவர்கள் எல்லாம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். பஸ் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. சரி, இறங்கியது இறங்கியாயிற்று, பசியையாவது பார்ப்போம் என்று சாலையோர மெஸ் ஒன்றில் உட்கார்ந்தேன். சுறாப் புட்டு வைத்தார்கள். பூப்பூவாக உதிர்ந்து, பூண்டும் பச்சை மிளகாயும் மணக்க, நாக்கில் வைத்ததும் கரைந்தது. ஈப்போவில் சுறாவைக் குழம்பில் போட்டுப் பார்த்திருக்கிறேன், இப்படி உதிர்த்துத் தாளிப்பதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தவறான இடத்தில் இறங்கியதில் எனக்கு இப்போது வருத்தமே இல்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்து உழவர்கரை வந்து சேர்ந்தேன். மறுநாள் மாப்பிள்ளையும் நானும் பெட்டி வாங்க டவுனுக்குப் போனோம். டெம்போ என்று இங்கே ஒரு வண்டி ஓடுகிறது. ஆட்டோவை இழுத்து நீட்டிய மாதிரி இருக்கும். ஆட்கள் ஏற ஏற அதுவும் விரியும் போலிருக்கிறது. இடமில்லை என்ற பேச்சே கிடையாது. மாப்பிள்ளையின் முழங்கை என் விலாவில், என் பேனல் எதிரில் இருந்த அம்மாவின் கீரைக் கட்டுமேல். "கீர நசுங்குது, தூக்குங்க" என்று அந்த அம்மா அதட்ட, நேரு வீதி வரும்வரை பேனலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வந்தேன்.

பவர் பெட்டி கிடைத்துவிட்டது. ஆனால் என் பேனலின் பிளக் ஒரு மாதிரி, பெட்டியின் ஓட்டை வேறு மாதிரி. நடுவில் ஒரு இணைப்பு ஒயர் வேண்டும். அதைத் தேடிக் கடை கடையாக ஏறினோம். ஒரு கடையில் டி.வி. ஒயரை எடுத்து நீட்டினார்கள். இன்னொன்றில் பேனலைத் தட்டிப் பார்த்து, "இது தண்ணி சூடு பண்றதா?" என்று கேட்டார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் அகப்பட்டது. அதற்குள் எனக்கு வந்த கோபத்தில் அந்த ஒயரையே கடித்திருப்பேன்.

மாப்பிள்ளை மட்டும் அவசரமே படவில்லை. "மச்சான், கோவப்பட்டா பசிக்கும். வாங்க" என்று ஒரு பேக்கரிக்கு அழைத்துப்போனார். நீள ரொட்டி, மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. அதை வாங்கி வந்து வீட்டில் மலர் வைத்த வஞ்சிரக் குழம்பில் முக்கிச் சாப்பிட்டோம். இந்த ஊரில் இட்லிக்கும் இந்த ரொட்டிக்கும் ஒரே மரியாதை. பரோட்டா மாதிரி இருக்கும் எங்கள் ஊர் ரொட்டிச் சானாயை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வாய் நிறைய ரொட்டி இருந்ததும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் மாடியில் பேனலை விரித்தேன். பச்சை வலைக்குக் கீழே வரிசையாகத் தொட்டிகள். உள்ளே ஆரஞ்சும் வெள்ளையுமாக, தலையில் கொண்டை வைத்த மீன்கள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. தீபாவளிக்கு முன்னால் சென்னைக் கொளத்தூர் மீன் வியாபாரி வந்து அள்ளிக்கொண்டு போவான் என்று மாப்பிள்ளை சொன்னார். சொல்லும்போது மீனைப் பார்க்கவில்லை, மேலே மின்கம்பியைப் பார்த்தார்.

ஒயரைச் சொருகியதும் பெட்டியின் கண்ணாடியில் எண் ஏறியது. நூறு, நூற்று இருபது, நூற்று ஐம்பது! ஈப்போவில் பாதி நாள் மேகம். எண்பது வாட் வந்தால் கூட்டாளிகளுக்குக் கொப்பி, அதாவது காப்பி, வாங்கிக் கொடுப்பேன். இங்கே வெயில் கொட்டிக் கிடக்கிறது, இவர்கள் அதற்குப் பயந்து குடை பிடிக்கிறார்கள்!

"நோணாங்குப்பம் போய் போட்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன்" என்றாள் மலர். படகும் வேண்டாம், பாரடைஸ் பீச்சும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஒயருக்குள் நுழைந்து பெட்டியில் போய்ச் சேருவதைச் சும்மா உட்கார்ந்து பார்ப்பதில் இருக்கும் சுகம் படகில் வருமா என்ன?

பக்கத்து வீட்டு ரெமி எட்டிப் பார்த்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தமாம். பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "வெயில்லயா இது ரொம்புது? அலோர், அப்ப ராத்திரிக்கு?" என்று கேட்டார்.

"ராத்திரிக்கு உள்ளே இருப்பது போதும், முசே."

"காட்டுங்க பாப்போம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பெட்டி நிரம்பியதும் அதிலேயே கெட்டிலைச் சொருகித் தண்ணீர் கொதிக்க வைத்து அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போய்ச் சொல்ல, தெருவே வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் டீ. மிக்ஸியைக் கொண்டுவந்து சட்னி அரைத்துக் காட்டினேன். அயர்ன் பாக்ஸைக்கூட விடவில்லை. "வெயிலு டீ நல்லாத்தான் இருக்குது" என்று முசே சான்று கொடுத்தார். பெட்டியில் பாதிக்கு மேல் காலி. போனால் போகிறது, சூரியன் நாளைக்கும் வரத்தானே போகிறது என்று இருந்துவிட்டேன்.

நாளைக்கு ஆயுத பூஜை என்பதை நான் யோசிக்கவில்லை.

ஈப்போவிலும் பட்டறையில் பூஜை போடுவோம். ஆனால் மலர் போடுவது மாதிரி நான் பார்த்ததில்லை. மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர், அரிவாள்மனை, கேஸ் அடுப்பு என்று வீட்டில் எதற்கெல்லாம் வேலை உண்டோ அதற்கெல்லாம் பொட்டு. மீன் மோட்டார்களுக்கு ஓடஓடவே பொட்டு வைத்தாள். "இதுங்களுக்கு மட்டும் லீவே கெடையாது" என்று மாப்பிள்ளை சிரித்தார். பவர் பெட்டியும் பேனலும் பூஜை அறைக்குப் போயின. பேனலின் நாலு பலகையிலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மூன்று விரலால் விபூதியை இழுத்தாள். நடுநடுவே சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம்.

"நல்லா பெரிசா வைம்மா. கடல் தாண்டி வந்த சரக்கு" என்று சொன்னவன் நான்தான்.

"போன வருசம் அத்த செத்த தீட்டுன்னு பூச போடல. அதான் அப்புடி ஆயிடுச்சு" என்றாள் அவள். குரல் தழுதழுத்தது. ஆசையாகச் செய்கிறாள், செய்யட்டும் என்று குங்குமத்தை எடுத்து நீட்டினேன்.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும். ஆகவே பெட்டிக்கு வெயிலும் இல்லை, சுவர் பிளக்கும் இல்லை. போதாததற்கு, சாமி படத்துச் சீரியல் லைட்டையும் டேபிள் ஃபேனையும் அந்தப் பெட்டியிலேயே சொருகியிருந்தாள். அதிலேயே எரிந்தால்தான் அதற்கும் பூஜை போட்ட மாதிரியாம். பொரி, கடலை, சுண்டல், சர்க்கரைப் பொங்கல். நான் நாலையும் ஒரு கை பார்த்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டிவிட்டு எடுத்தபோது பெட்டியில் மிச்சம் பத்து சதவீதம்கூட இல்லை. பேனலை மாடியில் விரித்து ஒயரைச் சொருகினேன். அப்போதுதான் தெருமுனையில் டமார் என்று ஒரு சத்தம். டிரான்ஸ்ஃபார்மரில் காக்கை ஒன்று மாட்டிக்கொண்டு, காக்கையும் போயிற்று, கரண்டும் போயிற்று.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க மாப்ள. இதுக்குத்தானே நான் வந்திருக்கேன்" என்று மோட்டார்களைப் பெட்டிக்கு மாற்றினேன். குமிழிகள் வந்தன. மாப்பிள்ளை பெட்டியின் கண்ணாடியைப் பார்த்தார். உள்ளே வருவது இருபத்தைந்து வாட். வெளியே போவது எழுபது. படியிறங்கிப் போனார். பின் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

முந்தாநாள் நூற்று ஐம்பது கொடுத்த அதே பேனல், அதே வெயில், இன்றைக்கு இருபத்தைந்து! ஒயரைக் கழற்றி மாட்டினேன். பேனலைத் திருப்பி வைத்தேன், சாய்த்து வைத்தேன். ஒயர் விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். எண் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் பெட்டி ஒரு தடவை கீச்சிட்டு, கரண்ட் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது; கண்ணாடியில் உள்ளே வரும் எண் மட்டும் தெரிந்தது. மோட்டார்கள் நின்றன. தொட்டிகளில் குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கின.

சிறிது நேரத்துக்கெல்லாம் மீன்கள் மேலே வர ஆரம்பித்தன. நூற்றுக்கணக்கான சின்ன வாய்கள் தண்ணீர் மட்டத்தில் திறந்து திறந்து மூடின. தூண்டில் போட்டு எத்தனையோ மீனைக் கரையில் போட்டிருக்கிறேன், ஒரு நாளும் அந்த வாயை உற்றுப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

மலர் ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்துத் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினாள். காற்று கலக்கட்டும் என்று. முசேவும் தன் வீட்டு மக்கோடு ஓடிவந்தார். ஒரு தொட்டியில் ஊற்றினால் அடுத்த தொட்டியில் மீன்கள் வாய் தூக்கின. நாங்கள் மூன்று பேர், தொட்டி எட்டு.

நான் மறுபடியும் பேனல் பக்கம் ஓடி, ஏதாவது எரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். பெட்டியின் எண் சட்டென்று ஆறுக்கு இறங்கியது. நிமிர்ந்தேன், இருபத்தைந்து. குனிந்தேன், ஆறு. என் தலையின் நிழல்! உள்ளங்கை அகலத்துக்கு நிழல் விழுந்தாலே இந்தக் கதி என்றால், நாலு பலகைக்கும் குறுக்கே இழுத்த விபூதியும், அப்பி வைத்த சந்தனமும் எவ்வளவு வெயிலை மறிக்கும்? அடக் கடவுளே! பெரிசா வை என்று வேறு சொன்னேனே!

தோளில் இருந்த துண்டை உருவினேன். மலர் மக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யண்ணா, இன்னா பண்ற? விஜயதசமி அன்னிக்கு சாமிக்கு வெச்சத தொடைப்பாங்களா? போன வருசம் பட்டது பத்தாதா?"

"மலரு, அதுதாம்மா வெயிலை மறைக்குது."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. தொடைக்கக் கூடாது."

"மீனு சாவுது!"

அவள் அழுதுவிட்டாள். தொட்டியைப் பார்த்தாள், பேனலைப் பார்த்தாள், என்னை ஒரு முறை முறைத்தாள். விடுவிடுவென்று கீழே இறங்கிவிட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தேன். துடைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் துண்டும் கையுமாக நின்றேன்.

பித்தளைச் சொம்போடு திரும்பி வந்தாள். நிறையத் தண்ணீர். தலைக்குமேல் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொடைக்கத்தான் கூடாது. அபிசேகம் பண்ணலாம் இல்ல? ண்ணா, ஒயர நனையாம தூக்கிப் புடி."

ஊற்றினாள். சந்தனம் கரைந்து, விபூதி கரைந்து, பால் மாதிரி வழிந்தது. முசே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான். "இன்னும் ஒரு சொம்பு" என்று கத்தினேன். முசே தன் மக்கில் மொண்டு நீட்ட, அவள் அதை வாங்கிச் சொம்பில் ஊற்றிக்கொண்டு மறுபடி ஊற்றினாள். சொம்பால் ஊற்றினால்தான் அபிஷேகம், மக்கால் ஊற்றினால் கழுவுவதாம்!

நான் ஒயரை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கண்ணாடியில் வந்த எண்ணை எல்லாம் தொண்டை கிழியக் கத்தினேன். "நாப்பது மாப்ள! எழுபது! நூறு! நூத்தி முப்பது!" ஏன் கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. அந்த மூடிய கதவுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டி உயிர் பெற்றது. மோட்டார் ஸ்விட்சைப் போட்டேன். முதல் தொட்டியில் புஸ்ஸென்று குமிழி கிளம்பியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது.

படியில் காலடிச் சத்தம். தணிகாசலம் மேலே வந்தார். ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். கடைசித் தொட்டியில் நாலைந்து மீன் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. கையைத் தண்ணீரில் விட்டு, அவற்றைக் குமிழிக்கு மேலே மெதுவாகத் தள்ளிப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். ஒன்று வாலை உதறிக்கொண்டு உள்ளே போனது. அப்புறம் இன்னொன்று. இரண்டு மட்டும் பிழைக்கவில்லை. அவற்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மலர் அவருக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

பிறகு அவர் எழுந்து பேனல் பக்கம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெயில் நகர நகர, பேனலையும் ஓரம் பிடித்து இம்மி இம்மியாகத் திருப்பினார். திருப்பியதும் எண்ணைப் பார்ப்பார். ஒன்றோ இரண்டோ ஏறினால் தலையாட்டிக்கொள்வார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று மலர் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரியே இல்லை.

கீழே தண்ணீர் குடிக்கப் போனேன். கூடத்து ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பூஜை அறைச் சீரியல் லைட்டும் எரிந்தது, மலர் அதைச் சுவர் பிளக்குக்கு மாற்றியிருந்தாள் போலிருக்கிறது. கரண்ட் எப்போது வந்ததோ, எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மூச்சிரைக்க மாடிக்கு ஓடி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாப்ள! கரண்ட் வந்துடுச்சு!"

அவர் தலையைத் தூக்கவில்லை.

"வந்தா வரட்டும் மச்சான். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நெழலு வுழுது."